தேன் மடிந்து விழ வேண்டும்

உலகில் இதுவரை உண்டான தேனிலேயே தூய்மையானது தன் கணினியில் இருப்பதுதான் என்று புரொபசர் அறிவித்தான். தேனீக்கள் சம்பந்தப்படாததால் அதில் தவறு நேர வாய்ப்பே இல்லையாம்.

விளம்பரப் படங்களுக்காக, ஊற்றும் உணவைக் கணினிக் கணக்கால் நிஜம்போல் உருவாக்கும் அலுவலகம் அது. புரொபசர் என்பது அங்கே அவனுக்கு விழுந்த பெயர். பக்கத்து மேசையில் அவனுடைய கல்லூரித் தோழி. சாக்லேட் குழம்பு அவள் பொறுப்பு. நிஜக் குழம்பைத் தட்டில் ஊற்றி, கன்னத்தைத் தட்டருகே சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். எப்போதும் குழம்பு ஜாடியும் கையுமாய் இருப்பதால் ஜாடி என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் அவன்தான்.

“என்ன ஜாடி, சமையல் ஆச்சா?”

“சிரிடா, சிரி. உன் தேன் ரெண்டு தடவை திரும்பி வந்துச்சாமே?”

உண்மைதான். முதல் தடவை தண்ணீராய்க் கொட்டியது. கெட்டித்தன்மையை ஏற்றினான், கோந்தாய்த் தொங்கியது. “இதைச் சாப்பிட்டா வாய் திறக்குமா?” என்று கேட்டார் தேன் கம்பெனிக்காரர். இன்று மதியம் மறுபடி வருகிறார். இதுவும் தேறாவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

போன் அதிர்ந்தது. அம்மா.

“வேலை நிரந்தரமாயிடுச்சுன்னு பெரியப்பாகிட்டயும் சொல்லிட்டேம்பா.”

“இன்னும் ஆகலைம்மா.”

“ஆயிடும்ல? அத்தைகிட்டயும் சொல்லிட்டேனே.”

போனை வைத்தான். எண்களை ஏற்றினான், இறக்கினான். தண்ணீர், கோந்து. நடுவில் எங்கும் தேன் வரவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“ஒரு கரண்டி ஊத்தித்தான் பாரேன்டா,” என்றாள் ஜாடி.

“கணக்கு வராதவங்கதான் ஊத்திப் பார்ப்பாங்க.”

ஜாடி சாப்பிடப் போனாள். அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கம்பெனிக்காரர் மாதிரிக்குக் கொடுத்திருந்த பாட்டிலைத் திறந்தான். அவள் தட்டில் ஒரு கரண்டி ஊற்றினான். தேன் மெல்லிய இழையாய் இறங்கி, கயிறு சுருட்டியதுபோல மடிந்து மடிந்து விழுந்து, பிறகு சாவகாசமாய்ப் பரவியது.

கையிலிருந்த கரண்டியைப் பார்த்தான். சின்னக் கரண்டி. திரையிலிருந்த கரண்டியின் அளவைத் தேடினான். நீளம்: பதினைந்து. பக்கத்துக் கட்டத்தில், மீட்டர்.

இத்தனை நாளும் மாடிக் கட்டடம் அளவுள்ள கரண்டியிலிருந்து தேன் ஊற்றியிருக்கிறான். அந்த அளவில் எந்தத் தேனும் தண்ணீராய்த்தான் கொட்டும்.

சென்டிமீட்டராக மாற்றினான். கெட்டித்தன்மையைத் தேனின் சொந்த அளவுக்கே இறக்கி, கணக்கை ஓடவிட்டான். லிஃப்ட் திறக்கும் சத்தம். கம்பெனிக்காரரின் குரல். திரையில் இழை இறங்கியது, தட்டைத் தொட்டது, ஒரு முறை மடிந்தது.

புரொபசர் இன்னொரு கரண்டி தேனை ஊற்றி, கன்னத்தைத் தட்டருகே சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.