ஓ நெகட்டிவ் பட்டியல்

நாலு மணிக்கு ஜுனைதாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். அதற்குள் ஓ நெகட்டிவ் இரத்தம் கொடுக்க ஓராளைக் கண்டுபிடித்தாக வேண்டும். இரத்தம் கொடுப்பவர்களின் பெயர்கள் எங்கள் இரத்ததானச் சங்கத்துக் கணினியில் இருந்தன. மணி இரண்டு. திரையில் கட்டம் வர வேண்டிய இடமெல்லாம் q என்ற ஆங்கில எழுத்து வரிசை வரிசையாக நின்றது.

ஜுனைதாவின் கணவன் அஹ்ஸன் என் கதிரைக்குப் பின்னால் நின்றான். ஐஸ் லொறி ஓட்டுபவன். லொறியை ரோட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

"என்னா ஸலாஹுதீன் நானா, இன்னும் வரல்லியா?"

"வரும் தம்பி, கொஞ்சம் பொறுங்க."

"நான் வெளிய போய் நாலு பேருக்கிட்டக் கேட்டுப் பாக்கட்டா?"

"என்னத்துக்கு? லிஸ்ட் இஞ்ச இரிக்கி."

அந்தப் புரோகிராம் சுனாமிக்குப் பிறகு வந்த வெளிநாட்டுக்காரர்கள் தந்துவிட்டுப் போனது. லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கென்று எழுதியது. பழைய கணினி போன மாரியில் செத்தபோது புதியதிலும் லினக்ஸையே போட்டிருக்கலாம். நான்தான் பெரிய கெட்டிக்காரனாயிற்றே! லினக்ஸுக்கு உறவான வேறொரு யுனிக்ஸைப் போட்டேன். லினக்ஸ் புரோகிராமை, லினக்ஸில்தான் இருக்கிறோம் என்று நம்பவைத்து ஓட்டும் வசதி அதில் உண்டு. எல்லாவற்றையும் பிரதி செய்து வைத்தவன், ஒரு தரமாவது திறந்து பார்த்தேனா? இல்லை.

அம்புக்குறியை அமுக்கினால் கீழே போகாமல் அடைப்புக்குறிகளைக் கக்கியது. கோடு எப்படிப் போடுவது, எந்தச் சாவி எதற்கு என்று டெர்மினலைப் பற்றிச் சொல்லும் ஒரு விவரக் கோப்பு இருக்கிறது. அதைத் திருத்தினேன். அதே q. மறுபடி திருத்தினேன். மறுபடியும் q. மேசையை ஓங்கி அடித்தேன். அஹ்ஸன் திடுக்கிட்டான், கணினிக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மூன்று மணிக்குத்தான் மண்டையில் ஏறியது. அந்தப் புரோகிராம் எதையும் முதலில் தனக்கென்று ஒதுக்கிய லினக்ஸ் கோப்புறைக்குள்தான் தேடும். உள்ளே இருபது வருடப் பழைய விவரக் கோப்பு ஒன்று கிடந்தது. புரோகிராம் அதை வாசித்துக்கொண்டிருக்க, நான் ஒரு மணித்தியாலமாக வெளியே இருந்த கோப்பைத் திருத்தோ திருத்தென்று திருத்தியிருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.

சரியான கோப்பை உள்ளே பிரதி செய்தேன். கட்டங்கள் நேராக வந்தன. இரத்த வகையைக் கொடுத்துத் தேடினேன். ஒரே ஒரு பெயர்.

அஹ்ஸன் குனிந்து வாசித்தான். "நானா, இது என்ட பொஞ்சாதி."

மருதமுனை முகவரி, தொலைபேசி இலக்கம், எல்லாம் அவளுடையதுதான். கீழே இரத்தம் கொடுத்த நாலு திகதிகள். எங்கள் முகாம்களில் ஆண்கள் முன்மண்டபத்தில் படம் எடுத்துக்கொண்டு கொடுப்பார்கள். பெண்கள் பின்னறையில் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார்கள்.

"நாலு தரம் குடுத்திரிக்கா. எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லல்ல."

அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வெளியே போகிறேன் என்றவனைத் தடுத்து, ஒரு மணித்தியாலத்தைத் தின்றவன் நான். "வாங்க, பள்ளிக்குப் போவம்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் ஓடினோம். பாங்கு சொல்லும் முஅத்தினிடம் மூச்சுவாங்க விசயத்தைச் சொன்னேன். அவர் மைக்கைப் போட்டு அஹ்ஸனிடமே கொடுத்தார்.

அஹ்ஸன் மைக்கை வாயருகே பிடித்தான். அவன் குரல் ஊர் முழுக்கக் கேட்டது:

"என்ட பொஞ்சாதிக்கு ரெத்தம் வேணும். ஓ நெகட்டிவ். சுறுக்கா வாங்க. அவ நாலு பேருக்குக் குடுத்தவ."

பத்து நிமிடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்த சுஜிந்தன், சந்தைக்கு வந்தவராம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார்.