சிவப்புக் கோட்டுக்கு மேல்

பவுல் அன்று மணியை அடித்தார். ஆனால் ஆராதனைக்காக மட்டும்தான் அடித்தார்.

கரவனெல்லைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டமொன்றில் அந்தச் சிறிய ஆலயம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிறவர் பவுல். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே இருந்த சரிவில் மறுநடுகைக்கென்று பழைய மரங்களையெல்லாம் வெட்டியதிலிருந்து, மழை பெய்தாலே செம்மண் கரைந்து ஓடிவந்தது. போதகர் ரெஜினோல்ட் சும்மா இருக்கவில்லை. சபையாரைக் கூட்டி, மழைத்தண்ணீர் ஓடும் கான்களைத் துப்புரவாக்கினார். ஓரங்களில் வெட்டிவேர் நட்டார். மண்சரிவு பற்றி ஆராய்கிறவர்களை வரவழைத்து ஆலய முற்றத்தில் ஒரு மழைமானியும் வைத்தார். அதில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் பவுல் மணியை விடாமல் அடிக்க வேண்டும். கோயிலுக்குப் போகிறவர்களும் சேர்ச்சுக்குப் போகிறவர்களும் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். மழையை அளப்பதும் ஜெபத்தோடு சேர்ந்த ஊழியம்தான் என்று போதகர் பிரசங்கத்திலேயே சொல்லியிருந்தார்.

ஒருமுறை பவுல் அப்படி அடித்தார். சனம் பிள்ளைகுட்டிகளோடு பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தது. மத்தியானமே வெயில் வந்துவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு லயத்தில் அவரைக் கண்டவர்களெல்லாம், "என்ன பவுலண்ணே, இன்னைக்கு மணி இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அது அவர் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு. இரவு முழுக்கக் கொட்டிய மழை விடிந்தும் விடவில்லை. பவுல் போய் மழைமானியைப் பார்த்தபோது தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றது. கொஞ்சம்தான். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று, மழையை நிறுத்தும்படி கர்த்தரிடம் ஜெபித்தார். பிறகு தண்ணீரைப் புல்லில் கவிழ்த்துவிட்டார். போதகர் வந்து கேட்டபோது, "பரவாயில்லைங்க ஐயா, கோட்டுக்குக் கீழதான்" என்றார்.

ஆராதனையில் இரண்டாவது பாட்டின்போது மேட்டில் என்னவோ இடிந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தார்கள். லயத்தின் கடைசி வீட்டை மண் மூடியிருந்தது. அந்த வீட்டு ஏழுமலை மாட்டுக்குப் புல் கொடுக்க வெளியே போயிருந்தார். அவர் மனைவி அழகம்மாவைத் தோண்டித்தான் எடுத்தார்கள். பவுலும் கையாலேயே மண்ணை அள்ளினார். உயிர் இருந்தது. கரவனெல்லை ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எல்லாரும் மழைமானியைத்தான் ஏசினார்கள். மெஷினை நம்பி என்ன பிரயோசனம், கடவுளை நம்பினால் போதாதா என்று சபையிலேயே ஒருவர் சொன்னார். அதைக் கேட்ட பிறகு பவுலுக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொன்னது மழைமானி இல்லையே. புதன்கிழமை போதகரின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

கோபத்தில் போதகரின் முகம் சிவந்து, பிறகு வெளிறியது.

"நானும் எட்டிப் பாத்திருக்கலாம், பவுல். வாசல்லதான இருந்துச்சு," என்றார் கடைசியில். "நீங்க சொன்னது எனக்கும் வசதியா இருந்துச்சு. ஆராதனைய நிப்பாட்ட மனசு வரல."

இருவரும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கட்டில் பக்கத்தில் நின்று பவுல் சொல்லி முடித்ததும் ஏழுமலை எழுந்து வார்டை விட்டு வெளியே போய்விட்டார். அழகம்மா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"அடிச்சிருந்தா நாங்க வந்திருப்பமான்னு தெரியல, பவுலண்ணே," என்றாள். "போன தடவ சிரிச்சதுல நானும் ஒருத்தி. ஆனா நீங்க அடிச்சிருக்கணும்."

"ஆமா," என்றார் பவுல்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் நானே சொல்கிறேன் என்று போதகரிடம் பவுல் மெல்லச் சொன்னார். நாம் இரண்டு பேரும் சொல்வோம் என்றார் போதகர்.

தண்ணீர் வேண்டும் என்றாள் அழகம்மா. பவுல் அவள் தலையைத் தாங்கிக் கோப்பையை வாயில் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் அவள் குடித்தாள். கொஞ்சம் கழுத்தில் வழிந்தது. அவர் தன் சட்டைக் கையால் அதைத் துடைத்துவிட்டார்.