காய்ந்த உள்மரம்

வேலாயியைக் கம்பளியில் கிடத்தி நான்கு பேர் தூக்கி வந்தபோது மதுரா வாசலில்தான் நின்றிருந்தாள். மலைக்கு மேலே மறுபடியும் ஏதோ இடிந்து விழுந்த சத்தம் கேட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தாள். மழை கொட்டியது. பனிமூட்டத்தில் எதிரே இருந்த தேயிலைச் செடிகள்கூடத் தெரியவில்லை.

"டீச்சர், ஸ்கூலுக்குக் கொண்டுபோகலாம்னா பாதை இடிஞ்சிருச்சிங்க," என்றான் முன்னால் வந்த பிரதாப். மூச்சு வாங்கியது. உடம்பெல்லாம் சேறு. "அம்மாவ இங்கதான் வைக்கணும். மண்ணுக்குள்ள இருந்து எடுத்தோம். ஒடம்பு ஜில்லுனு கெடக்கு. எப்புடியாச்சும் சூடு காட்டுங்க. லயத்து வீடுங்கள்ல இன்னும் ஆளுங்க மாட்டிக்கிட்டு இருக்காங்க, நாங்க போகணும்."

அவன் அக்கா பிரியந்தி பின்னாலேயே ஓடி வந்தாள். கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். லீவில் வந்த இடத்தில் இந்தப் புயலில் மாட்டிக்கொண்டாள். ஆண்கள் வந்த வேகத்தில் திரும்பி மழைக்குள் இறங்கிப் போனார்கள்.

அக்கரப்பத்தனைக்கு மேலே, மரங்களுக்கிடையில் தனியாக நின்ற அந்த வீடு ஒரு காலத்தில் தோட்டத்துக் கிளாக்கருக்குக் கட்டியது. இப்போது ஆசிரியர் குவாட்டர்ஸ். சாவகச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்த மதுரா அங்கே தனியாக இருந்தாள். அக்கம்பக்கத்தில் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீடு இல்லை.

இருவரும் வேலாயியின் ஈரத்துணிகளைக் கழற்றினார்கள். மதுராவின் உடுப்புகளைப் போட்டுவிட்டு, வீட்டிலிருந்த போர்வை எல்லாவற்றையும் சுற்றினார்கள். அவள் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன.

"சாக்க எடு புள்ள, கொழுந்து நனையுது," என்றாள் வேலாயி. கொழுந்து பறிக்கும் மலையில் நிற்பதாக நினைப்பு; கண்கள் எங்கேயோ பார்த்தன.

"அம்மா, நான் பிரியந்தி. என்னயப் பாருங்கம்மா."

"சாக்கு…"

கரண்ட் போய்ப் பல நாளாகிவிட்டது. காஸ் சிலிண்டர் முந்தாநாள் காலி. முன்னறையில் பழைய கணப்படுப்பு ஒன்று இருந்தது. மதுரா அதில் குடைகளைத்தான் வைத்திருந்தாள். குடைகளை இழுத்துப் போட்டுவிட்டு, பின்பக்கக் கொட்டகையிலிருந்து இரண்டு கட்டைகளைத் தூக்கி வந்து, பத்திரிகைக் காகிதத்தைத் திணித்துப் பற்றவைத்தாள். காகிதம் குபீரென்று எரிந்து அடங்கியது. கட்டை கறுத்துப் புகைந்ததோடு சரி. எரிக்க வேறு எதுவும் இல்லை. கதிரைகள் பிளாஸ்டிக், கட்டிலும் மேசையும் இரும்பு.

"வெளியதான் டீச்சர் ஈரம். பொளந்தா உள்ள காஞ்சிருக்கும். அம்மா அப்புடித்தான் செய்வாங்க."

"உங்களுக்குப் பிளக்கத் தெரியுமோ?"

"இல்லிங்க. எங்க வீட்டுல அம்மாதான். நான் ஒரு நாளும் தொட்டதில்ல."

"நானும்தான்," என்றாள் மதுரா.

கொட்டகையில் முன்பு குடியிருந்த குணரத்தினம் மாஸ்டர் விட்டுப்போன சவுக்குக் கட்டைகள் கிடந்தன. சாரல் அடித்து எல்லாம் ஊறியிருந்தன. மூலையில் அவருடைய ஆயுதங்கள்: ஒரு கைக்கோடாலி, நீளக் காம்புக் கோடாலி ஒன்று, ஒரு சம்மட்டி, அதன் பக்கத்தில் துருப்பிடித்த இரும்பு ஆப்பு.

பிரியந்தி கைக்கோடாலியை எடுத்தாள். சின்னதாக, கைக்கு அடக்கமாக இருந்தது. பழக்கமில்லாத கைக்கு அதுதான் சரி என்று இருவருக்குமே பட்டது. ஒரு கட்டையை நிமிர்த்தி வைத்து ஓங்கி வெட்டினாள். கோடாலியின் வாய் மரத்தில் அரை விரல்கூட இறங்கவில்லை. மறுபடி வெட்டினாள். மூன்றாவது வெட்டு ஒரு கணுவில் பட்டு வழுக்கி, அதே வேகத்தில் கீழே வந்தது. பிரியந்தி கத்தினாள். பாவாடை ஓரம் கிழிந்து தொங்கியது. முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு வெளுத்துத் தெரிந்து, பிறகு சிவந்தது.

மதுரா கோடாலியைப் பிடுங்கித் தூர வைத்தாள். குனிந்து பார்த்தாள். தோல்தான் சீவியிருந்தது.

"காம்பு குட்டை. தவறினா நேரே காலுக்குத்தான் வருது," என்றாள். "இது வேண்டாம். நீங்களும் விழுந்திட்டா நான் தனிய என்ன செய்வன்?"

துணியைக் கிழித்துக் காலில் கட்டிவிட்டு நீளக் கோடாலியை அவளே எடுத்தாள். அகலக் கால் வைத்துத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டாள். இந்த முறை வாய் நன்றாகவே இறங்கியது. இறங்கி, அப்படியே நின்றுவிட்டது. ஆட்டினாள், அசைத்தாள். பிரியந்தி கட்டையின் மேல் காலை வைத்து மிதிக்க, இருவருமாக இழுத்தார்கள். மெல்லிய வாயை மரம் கவ்விப் பிடித்திருந்தது. இழுத்த இழுப்பில் கை நழுவி மதுரா பின்னால் போய் விழுந்தாள்; கோடாலி அங்கேயே நின்றது.

"இது மரம் வெட்டுறது போல. பிளக்கிறதுக்கு இல்லை."

பிரியந்தி உள்ளே ஓடினாள். போன வேகத்தில் அவள் குரல் வந்தது. "டீச்சர்! அம்மாவுக்கு நடுக்கம் நின்னுருச்சிங்க!"

நல்லதுதானே என்று ஒரு கணம் நினைத்த மதுரா அடுத்த கணம் துள்ளி எழுந்தாள். முதலுதவி வகுப்பில் சொல்லியிருந்தார்கள்: குளிரில் உறைகிறவர் சூடேறாமலே நடுங்குவதை நிறுத்தினால் உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது. ஓடிப்போய்த் தொட்டாள். வேலாயியின் கன்னம் கல்லைப் போலிருந்தது. கூப்பிட்டதற்கு இமை மட்டும் அசைந்தது.

"நீங்கள் அவவோட ஒட்டிப் படுங்கோ, போர்வைக்குள்ள. பேச்சுக் குடுத்துக்கொண்டே இருங்கோ. நித்திரை கொள்ள விடாதேங்கோ."

"நீங்க ஒத்தையிலயா?"

"படுங்கோ!"

கொட்டகைக்குத் திரும்பியபோது அவள் கைகள் மரத்திருந்தன. மிச்சம் இருந்தது சம்மட்டியும் ஆப்பும். சம்மட்டியைத் தூக்கிப் பார்த்தாள். தலைக்கு மேல் கொண்டுபோக அவளால் முடியாது. பயம் வந்தது. ஆப்பைப் பிடித்த கையிலேயே அடித்துக்கொண்டால்?

கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றின் வெட்டுமுகத்தில், நடுவிலிருந்து ஓரம் வரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கணு இல்லை. அதை நிமிர்த்தினாள். ஆப்பின் முனையை வெடிப்பில் வைத்து, சம்மட்டியை அதன் இரும்புத் தலையை ஒட்டிப் பிடித்து மெல்லத் தட்டினாள். டொக், டொக். கையை எடுத்தாள். ஆப்பு தானாக நின்றது.

அதற்குப் பிறகு அவள் ஓங்கவில்லை. காம்பை நீளமாகப் பிடித்து, இடுப்பு உயரத்துக்கு மட்டும் தூக்கி, சம்மட்டியின் கனத்தையே விழவிட்டாள். ஆப்பு ஒரு விரல் இறங்கியது. மறுபடி. மரத்துக்குள்ளிருந்து நெறிகிற சத்தம் வந்தது. ஒரு அடி ஓரத்தில் பட்டுச் சம்மட்டி சரிந்து மண்ணில் விழுந்தது. அவள் கால் விலகியே இருந்தது. உள்ளே பிரியந்தி அழுகிற குரலில் எதையோ பேசிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரல் நின்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு மதுரா அடித்தாள்.

படாரென்று கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது.

உள்மரத்தைத் தொட்டாள். பொட்டு ஈரம் இல்லை.

பாதிகளைத் திரும்பப் பிளந்தாள். சிறு சிராய்களுக்குச் சம்மட்டி ஒத்துவரவில்லை. கைக்கோடாலியையே எடுத்தாள். ஆனால் இம்முறை வீசவில்லை. அதன் வாயை மரத்தின் தலையில் பதித்து, தடித்த விறகுத்துண்டு ஒன்றால் அதன் முதுகில் தட்டினாள். மரம் குச்சி குச்சியாகப் பிரிந்தது. மடி நிறைய அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நெருப்புப் பெட்டியில் குச்சி குறைவாக இருந்தது. முதலாவது ஈரக்கையில் ஒடிந்தது. இரண்டாவது பிடித்தது. சிராய் பற்றி, பிளந்த கட்டை பற்றி, அடுப்பு முழுக்கச் சுவாலை ஏறியது. இருவரும் வேலாயியை மெத்தையோடு அடுப்பருகே இழுத்தார்கள். சட்டியில் தண்ணீர் வைத்து, கொதித்ததும் போத்தல்களில் ஊற்றித் துணி சுற்றி நெஞ்சுக்கும் அக்குளுக்கும் வைத்தார்கள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வேலாயியின் தாடை அசைந்தது. பல் அடித்தது. உடம்பு முழுவதும் உதறத் தொடங்கியது.

"டீச்சர், மறுபடி நடுங்குறாங்க!" பிரியந்தி பதறினாள்.

"நடுங்கட்டும்," என்று மதுரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா நடுங்கட்டும்."

வேலாயி கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். "கால்ல என்ன புள்ள ரத்தம்?" என்றாள்.

பிரியந்தி தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பால் இல்லாமல் சீனி அதிகமாகப் போட்ட பிளேன்டியை வேலாயி கரண்டி கரண்டியாகக் குடித்துக்கொண்டிருந்தபோது பிரதாப் வந்தான். வாசலிலேயே நின்று தாயைப் பார்த்தான். சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்தான்.

"பக்கத்து வீட்டு அழகன் குடும்பத்துல எல்லாரும் வந்துட்டாங்களாடா?" என்றாள் வேலாயி.

"புள்ளைங்க ரெண்டும் கெடச்சிருச்சிம்மா. தூக்கிக்கிட்டு வர்றாங்க." அவன் நெருப்பைப் பார்த்தான். "அழகன் மாமாவ இன்னும் தேடுறோம்."

பிரதாப் அக்காவைப் பார்த்தான். "இன்னும் ஆளுங்க வருவாங்க. எல்லாம் நனஞ்சி கெடக்காங்க. வெறகு பத்துமா?"

"பத்தாது," என்றாள் பிரியந்தி. கட்டிய காலை ஊன்றி எழுந்தாள். மதுரா ஏற்கெனவே கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.