தண்ணீர் மட்டும்

நேராக நடந்துகொண்டிருக்கிறார்கள், எல்லாரும், காசிமேட்டுத் தெரு முழுக்க, தையல்கடை ஏசுபாதமும் கூடை சுமக்கும் பெண்களும் சைக்கிளை உருட்டிவரும் பெரியவரும், எந்தத் தெருவிலும் எந்தக் காலையிலும் யாரும் நடப்பதுபோல அப்படியே முன்னோக்கி, சாலிகிராமத்து எடிட்டிங் அறையில் இந்தப் பாட்டுப் படத்தின் இயக்குநர் தமயந்தி திரையைப் பார்த்தபடி வாயில் வைத்த முறுக்கைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருக்கிறாள், இது நடக்கக்கூடாது, இவர்கள் பின்னால் அல்லவா போகவேண்டும், அதற்குத்தானே இத்தனை பாடு, பாடகன் ரூபன் அவன் பிறந்த தெருவில் பின்புறமாக நடந்தபடி பாடுவான், தெரு வழக்கம்போல முன்னால் நடக்கும், எடுத்த படத்தைத் தலைகீழாக, கடைசியிலிருந்து முதலுக்கு, ஓடவிட்டால் ஊரே பின்னால் போகையில் அவன் ஒருத்தன் மட்டும் முன்னால் வருவான், இதை அவள் எத்தனை நாள் கனவில் பார்த்திருப்பாள், பாட்டையே தலைகீழாகப் போட்டு அதற்கு வாயசைக்க அவன் ஒரு மாதம் பழகினான், படப்பிடிப்பன்று அவள் கண் அவன் உதட்டைவிட்டு நகரவில்லை, மற்றதையெல்லாம் உதவியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டாள், இப்போது பார்த்தால் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை, தலைகீழாக ஓட்டியும் தெரு சமர்த்தாக நேரே நடக்கிறது.

ஏன் ரூபன், இவங்க ஏன் இப்படி, என்று கேட்டால் பக்கத்தில் இருந்தவன் நெளிகிறான், அக்கா, அன்னிக்கு எல்லாரும் பின்னாடிதான் நடந்தாங்க, நீங்க சொல்லிக்குடுத்தீங்கன்னு நெனச்சேன், அப்புறம்தான் தெரிஞ்சுது, எனக்குத் தெரியாம வூட்டுக்கு வூடு பழகியிருக்காங்க, நம்ம புள்ள பின்னாடி நடக்கும்போது நாம மட்டும் நேரா போனா நல்லாவா இருக்கும்னு ஏசுபாதம் மாமா சொல்லிட்டாராம், உதவியாளர்களும் மேடம் சொன்னதாக்கும் என்று கைதட்டியிருக்கிறார்கள், இந்த அன்பை வைத்துக்கொண்டு அழுவதா சிரிப்பதா, மறுபடி எடுக்கவும் வழியில்லை, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிவிட்டன, தெருவின் பாதி இப்போது நடுக்கடலில் இருக்கிறது, தயாரிப்பாளர் மணவாளனோ சாயங்காலம் வருகிறார், பிடிக்கலைன்னா ட்ரோனும் இருபது டான்ஸரும் வச்சு நானே எடுத்துக்கறேம்மா என்று முதல் நாளே சிரித்தபடி சொன்னவர், பல வருடம் விளம்பரங்களில் அடுத்தவர் யோசனைக்கு வண்ணம் பூசிய பிறகு அவள் பெயரில் வருகிற முதல் படம், அதுவும் போய்விடும்போல் இருக்கிறது.

இதற்கெல்லாம் காரணம் மவுண்ட் ரோட்டில் பள்ளிக்கூட நாளில் பார்த்த அந்த விளம்பரப் பலகைதான், புடவைக்கடை விளம்பரம், வரைந்த பெண்ணின் முந்தானை மட்டும் நிஜத்துணி, பலகையைவிட்டு வெளியே வந்து காற்றில் படபடக்கிறது, பேருந்தே ஒருபக்கமாகத் திரும்பிப் பார்க்கிறது, கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நிற்கிறார், பார்க்கிற கண் ஒரு நொடி தடுக்கி விழவேண்டும் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துபோயிற்று, பிசைந்த உருளைக்கிழங்கை ஐஸ்கிரீமாக நிற்கவைத்தபோதும் (மதியம் மொத்த யூனிட்டும் அதையே மசாலா போட்டுச் சாப்பிட்டது), குடை விளம்பரத்துக்கு மழையைச் சிவப்பாக்கி அவள் கையே ஒரு வாரம் சிவந்து கிடந்தபோதும், அவள் தேடியது அந்த ஒரு நொடியைத்தான், இந்தத் தெருவில் எங்கே தடுக்கும், யாருக்குத் தடுக்கும், எல்லாம் வழுவழுவென்று இருக்கிறதே.

மேடம், அந்த ஓரத்தைக் கொஞ்சம் பாருங்க, என்கிறார் எடிட்டர் இப்ராகிம், பார்க்கிறாள், டீக்கடையில் ஆற்றுகிற டீ கீழ்க் குவளையிலிருந்து மேல் குவளைக்கு ஏறிக்கொண்டிருக்கிறது, அடுப்புப் புகை வானத்திலிருந்து இறங்கி அடுப்புக்குள் போகிறது, ரூபனின் அம்மா பிலோமினா மீன் கழுவி வாசலில் வீசிய தண்ணீர் தரையைவிட்டு எழுந்து வெயிலில் மின்னிக்கொண்டு வந்து அவள் குண்டானுக்குள் அடங்குகிறது, அவளோ ஒன்றுமே நடக்காததுபோல நடந்து வருகிறாள், தமயந்தியின் கண் தடுக்கிவிட்டது, முறுக்கு கீழே விழுந்துவிட்டது, அய்யோ என்று கத்துகிறாள், சந்தோஷத்தில்தான், இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிறது. சாயங்காலம் மணவாளன் உட்காரக்கூட இல்லை, மறுபடி போடச் சொன்னார், மறுபடியும் போடச் சொன்னார், எல்லாரும் நேராத்தானே வராங்க, தண்ணி மட்டும் எப்படிம்மா என்று திரைக்கு மிக அருகில் போய்க் கேட்டார், ட்ரோன் பேச்சு அதன்பிறகு எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனாள், கரைக்கு வந்திருந்தவர்களும் சேர்ந்து தெருவே கூடிவிட்டது, தங்களையே பார்த்துத் தாங்களே விசிலடித்தார்கள், நாங்க கரெக்டா நடந்தோமா மேடம் என்று ஏசுபாதம் கேட்க, நீங்கதான் சார் கரெக்டா நடந்தீங்க என்றாள் தமயந்தி, மனதாரத்தான் சொன்னாள். பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை, தண்ணீர் குண்டானுக்குத் திரும்பிவருகிற இடத்தை முகம் சுருங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு கையை முந்தானையில் துடைத்தபடி ஓரமாக வந்து, யாருக்கும் கேட்காத குரலில், தப்பா நெனச்சுக்காத கண்ணு, நாங்க அத்தினி பேரும் பழகிட்டோம், இந்தத் தண்ணிக்குத்தான் எப்படிச் சொல்லிக்குடுக்கறதுன்னு தெரியல, என்றாள்.