நல்ல நாளுக்காகப் பூட்டிய பீரோ

எங்கள் வீட்டு பீரோ பர்மாத் தேக்கு. ரங்கூனிலிருந்து அதை ஏற்றி வந்த கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியேதான் சென்னைத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. நம்பாதவர்கள் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்கு வந்து பார்க்கலாம். உள்ளே ஒரு யானையையும் பாகனையும் நிறுத்திக் கதவைச் சாத்தினால் பாகன் காற்றில்லை என்றுகூட முறையிட மாட்டான்.

ஆனால் யானைக்கு இடமிருக்காது. உள்ளே முழுக்க என் மனைவி அன்வரி பேகத்தின் புடவைகள். வெங்கடகிரி, ஆரணி, சேலம் என்று எல்லாம் மெல்லிசு நூலும் சரிகையுமானவை. நூற்றுக்கு ஒன்றிரண்டு குறையும் என்பது என் கணக்கு. பதினெட்டு என்பது அவள் கணக்கு. சாவி அவள் இடுப்பில் இருக்கும்போது யார் எண்ணிப் பார்ப்பது? பாச்சை உருண்டை மாற்றுவதற்காக வருஷத்துக்கு ஒரு தடவை கதவு திறக்கும். அன்று கச்சேரி ரோட்டுப் பூச்சிகளெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு அடையாற்றுக்குக் குடிபோய்விடும்.

போன வருஷம் ரம்ஜான் நோன்பு தொடங்கிய கொஞ்ச நாளில் யுத்தம் முடிந்தது. துணிப் பஞ்சம் முடியவில்லை. கூப்பனோடு கியூவில் நின்றால் முன்னால் நிற்பவரின் தாடி நம் கண்ணெதிரே வளர்ந்து நரைத்துவிடும். கடைசியில் கிடைப்பது கோணிக்குத் தம்பி போல ஒரு துணி. அன்றைக்கு எந்த பேல் கட்டைப் பிரித்தார்களோ அதே துணிதான் அந்தப் பேட்டை முழுவதற்கும்.

பெருநாள் நெருங்கிற்று. அன்வரி பீரோவின் மேல் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள்:

“இந்தப் பெருநாளைக்கு எனக்கு உடுத்திக்க ஒண்ணுமே இல்லீங்க.”

நான் பீரோவைப் பார்த்தேன். பீரோ என்னைப் பார்த்தது. அதற்கும் வெட்கமாகத்தான் இருந்திருக்கும்.

“உள்ள இருக்கறதெல்லாம் இன்னா, வெங்காய மூட்டையா?”

“அதெல்லாம் நல்ல நாளுக்கு.”

“பெருநாள் நல்ல நாள் இல்லியா?”

“அது ஒங்க ஆபா வர்ற நாள். அது வேற.”

என் மூத்த அக்கா அஸ்மத்துன்னிசாவைத்தான் நாங்கள் ஆபா என்போம். மாம்பலத்தில் இருக்கிறாள். ஒவ்வொரு பெருநாளுக்கும் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குப் பகல் சாப்பாட்டுக்கு வருவாள். வாசலில் வெற்றிலையை மென்றபடியே செருப்பைக் கழற்றுவதற்குள் அன்வரியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து முடித்துவிடுவாள். அப்படி ஒரு கண் கஸ்டம்ஸில் இருந்திருந்தால் கடத்தல்காரர்கள் எல்லோரும் பள்ளிவாசல் கட்டப் போயிருப்பார்கள். அந்தக் கண்ணுக்கு முன்னால் முப்பது வருஷமாகப் புதுத்துணியோடு நின்றவள் அன்வரி. அந்த வருஷம் என்னத்தைக் கட்டிக்கொண்டு நிற்பது என்பதுதான் அவள் கவலை. சோறு இறங்காத கவலை. நோன்பில் பகலில் எப்படியும் இறங்காது. பொழுது சாய்ந்த பிறகும் இறங்கவில்லை என்பதுதான் விஷயம்.

நானோ துறைமுகத்தில் குடோன் கீப்பராக இருந்து ரிடையர் ஆனவன். பூட்டிய கதவைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

“சாவியைக் குடு பேகம். நான் அடுக்கித் தர்றேன்.”

என்ன நினைத்தாளோ, கொடுத்துவிட்டாள். கதவைத் திறந்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் உலகம் இருட்டாகவும் பாச்சை உருண்டை வாசனையாகவும் இருந்தது. அன்வரி என் காலைப் பிடித்து இழுத்துத்தான் என்னைப் புடவைகளுக்கு அடியிலிருந்து மீட்டாள்.

கூடம் முழுக்கப் பாயை விரித்துச் சரக்கை இறக்கினோம். குடோனில் ஒரு சட்டம் உண்டு: முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். அந்தக் கணக்கில் அவளுடைய நிக்காஹ் புடவை, அந்தச் சிவப்பு வெங்கடகிரி, முன்வரிசையில் இருக்க வேண்டும். அதை மட்டும் அவள் என்னைத் தொட விடவில்லை. மடிப்புக் கலையாமல் எடுத்து அடித்தட்டில் கடைசியாக வைத்தாள்.

“இது?” என்று அடுத்ததைத் தூக்கினேன்.

“வேணாம். கறை பட்டது.”

“இது?”

“அதுவும்.”

“சரி, கறை படாததை நீயே எடு.”

“எல்லாமே பட்டதுதாங்க.”

அப்போதுதான் சங்கதி விளங்கிற்று. ஒவ்வொரு புடவையும் ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறது. அங்கே அதன்மேல் குழம்போ ஷர்பத்தோ யாராவது ஒரு குழந்தையோ விழுந்திருக்கிறது. துவைத்து, மடித்து, உள்ளே போட்டுப் பூட்டிவிட்டாள். நல்ல நாள் வரட்டும் என்று புடவைகள் காத்திருந்தன. நல்ல நாள் வந்தால் கறை இருக்கிறதே என்று இவள் தயங்கினாள். இப்படியே முப்பது வருஷம்.

“துறைமுகத்துல கேக்க ஆளில்லாம கெடக்கற சரக்கை இன்னா பண்ணுவோம் தெரியுமா?”

“இன்னா பண்ணுவீங்க?”

“ஏலம் போட்டுடுவோம்.”

அவள் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். “எங்க, என்னையும் சேத்துப் போடுங்க பாப்பம்.”

அந்தச் சரக்குக்கு இந்த ஊரில் விலை சொல்ல ஆளில்லை என்று நான் சொல்ல, அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று அவள் யோசிக்க, அந்த இடைவெளியில் ஒப்பந்தம் ஆயிற்று. இனி ஒரு நாள் உடுத்தினால் அந்தப் புடவை கேட்க ஆளுள்ள சரக்கு. அதை யாரும் ஏலம் போட முடியாது. ஆகவே பெருநாள்வரை தினம் ஒன்று, வரிசைப்படி.

“வீட்டுக்குள்ளதானே, எவ பாக்கப் போறா” என்று இறங்கினாள். பிறகு நின்றாள். “ஒங்க நிக்காஹ் ஷெர்வானியும் பீரோலதான் கீது. அதுவும் மொதல்ல வந்த சரக்குதானே? பெருநாள் தொழுகைக்கு நீங்க அதைத்தான் போட்டுக்கணும்.”

சட்டம் போட்டவன் நான்.

முதல் நாள் அவள் நடந்தது தலையில் கண்ணாடிச் சாமான் சுமப்பவள் நடையாக இருந்தது. உட்கார மாட்டேன் என்றாள். அடுப்புப் பக்கம் போக மாட்டேன் என்றாள். அடுத்த நாள் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள் மாவு பிசைந்துகொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். ஜானவாசக் கார் மாதிரி வீடே மினுங்கத் தொடங்கிற்று. தண்ணீர்க் குழாயடிக்கு ஆரணி, துவைக்கிற கல்லுக்குச் சேலம். கண்ணாடி முன் நின்று கொசுவத்தைத் தட்டிக்கொண்டு, “இவ்ளோ நல்லாருக்குமா இது?” என்று புடவையையே கேட்டாள்.

பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஆரோக்கியமேரி கூடையை இறக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அன்வரி பச்சைச் சரிகைப் புடவையில் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா பேகம்மா, ஊட்ல கண்ணாலமா?”

“இல்ல மேரி. வஞ்சிரம்.”

“வஞ்சிரத்துக்கே சரிகைன்னா சொறாவுக்கு இன்னாத்த கட்டுவே?”

“நாளைக்குச் சொறா கொண்டா, பாத்துக்க.”

மறுநாள் சொறா வந்தது. இவள் மயில் கழுத்து நிறத்தில் வந்தாள். மேரி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிறத்தைப் பார்த்துக்கொண்டு, மீனோடு சேர்த்து அந்தச் செய்தியையும் வீடுவீடாக விற்றாள். லஸ்ஸில் அது நாற்பது புடவையாக இருந்தது. மந்தைவெளியைத் தாண்டும்போது பேல் ஆயிற்று. அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது, ஜப்பான்காரன் சரணடைந்த அவசரத்தில் ஒரு கப்பல் துணியைக் குடோன் கீப்பர் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான் என்று முடிந்தது. என்னைப் புளுகன் என்கிறவர்கள் மேரியின் கூடை ஓரமாக ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

விளைவு, பெருநாளுக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. துணிக் கண்ட்ரோல் இன்ஸ்பெக்டர், பெயர் நாகராஜ். பிளாக் மார்க்கெட் துணி பிடிக்கிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் சட்டையிலேயே ஒட்டு போட்டிருந்தது.

“ஒரு மொட்டைப் பெட்டிஷன் வந்திருக்கு சார். ஒங்க வீட்ல தினம் ஒரு புதுப் புடவை நடமாடுதாம். பழசுன்னா ஒண்ணுமில்லை. கூப்பன் இல்லாத புதுச் சரக்குன்னா நான் எடுத்துட்டுப் போகணும்.”

உள்ளறைத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. அயல் ஆண் முன்னால் அன்வரி வர மாட்டாள். ஆனால் அவள் குரல் திரைக்குள் அடங்குகிற குரல் அல்ல.

“பழசுன்னு எப்டித் தெரியணும் அவருக்கு?”

“அதுதாம்மா கஷ்டம்” என்றார் நாகராஜ். “மடிச்சு வெச்ச துணிக்கு வயசு தெரியாது.”

திரைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. கையில் மயில் கழுத்துப் புடவை.

“அவுரைக் கொசுவத்துப் பக்கம் பாக்கச் சொல்லுங்க. மஞ்சளா ஒரு வட்டம் இருக்கும். எங்க சின்னம்மா மக கல்யாணத்துல தால்ச்சாக் குழம்பு வாளி சாஞ்சது. அந்தப் பொண்ணுக்கே இப்ப பேரன் இருக்கான்.”

வட்டம் இருந்தது. கை மறுபடி வந்தது. இது ராயப்பேட்டையில் மருதாணி. இது வாலாஜா ரோட்டில் குதிரை வண்டி மை. இதன் முந்தானையில் சின்னச் சின்னப் பொத்தல்கள். எங்கள் மகள் ஜஹனாராவுக்குப் பல் முளைத்த வருஷம். கறைகளை ஒளித்து ஒளித்து வைத்தவள் இப்போது ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டாத குறையாகக் கதை சொன்னாள். குரலில் ஒரு குஷி ஏறிக்கொண்டே போயிற்று. இன்ஸ்பெக்டர் முதலில் நின்றுகொண்டு கேட்டார். பிறகு உட்கார்ந்தார். பிறகு, “அந்த வண்டிக்காரனை என்னம்மா பண்ணீங்க?” என்று கேட்டார். அவர் மடியில் புடவைகள் ஏறி, தலை மட்டும் வெளியே தெரிந்தது.

“அவ்வளவுதானா சார்?” என்று என்னைக் கேட்டார்.

பேசாமல் இருந்திருக்கலாம். “அடித்தட்டுல ஒரு சிவப்பு இருக்கு” என்றேன். குடோன் கீப்பர் புத்தி. சரக்கில் ஒன்று குறைந்தால் தூக்கம் வராது.

கை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக வந்தது. நாகராஜ் அதை விரித்தார். முப்பது வருஷம் இருட்டிலேயே இருந்த சிவப்பு, நேற்றுத் தறியிலிருந்து இறங்கியதுபோல் எழுந்து நின்றது. சரிகை கறுக்கவில்லை. நான் கொசுவத்தைத் தேடினேன், கரையைத் தேடினேன். ஒரு புள்ளி இல்லை.

“இது புதுசு சார்” என்றார் அவர். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். “மத்ததையெல்லாம் விட்டுடறேன். இதை எடுத்துட்டுப் போகாம இருக்க முடியாது.”

நான் புடவையின் ஒரு ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“முந்தானையை ஜன்னல் வெளிச்சத்துல புடிங்க” என்றது அவள் குரல், இறங்கி.

பிடித்தோம். சிவப்புக்குள் சிவப்பாக, மாம்பழ அகலத்துக்கு ஒரு கருஞ்சிவப்பு தெரிந்தது.

“வெத்தலைச் சாறு. நிக்காஹ் அன்னிக்கு.”

“யார் பண்ண வேலை?” என்றேன்.

“ஒங்க ஆபா. வாய் நெறைய வெத்தலையோட என்னைக் கட்டிப் புடிச்சாங்க. துப்பல. சிரிச்சாங்க. சிரிப்புல வந்துடுச்சு.”

“இத்தினி வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

“புதுப் பொண்ணு மொத நாளே நாத்தனாரைப் பத்தி இன்னா சொல்றது? அப்பாலிக்கா, சொல்றதுக்கு நேரம் தாண்டிப் போச்சு.”

வாசற்படியில் “மாம்பலத்தம்மாவா” என்று ஒரு குரல் கேட்டது. ஆரோக்கியமேரி காலிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ. இந்தச் சேதி அவளுக்கு முன்னால் மாம்பலம் போய்ச் சேர்ந்துவிடும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நாகராஜ் அந்தப் புடவையைத் தானே மடித்துக் கொடுத்தார். “கறை பட்டதைப் பதுக்கி விக்கறவன் இந்த மெட்ராஸ்ல இல்லை சார்” என்றார். நோன்பு திறக்கிற நேரமாகிவிட்டதால் கஞ்சி கொடுத்தோம். ஒரு அண்டாவை அவர் ஒருவரே முடித்தார் என்பேன். இரண்டு கிண்ணம் என்பாள் அன்வரி.

பெருநாள் காலையில் என்னை ஷெர்வானிக்குள் ஏற்றுவதற்கு அன்வரி முழங்காலை என் முதுகில் ஊன்ற வேண்டியிருந்தது. பொத்தான்கள் மாட்டிக்கொண்டன, மூச்சுதான் வெளியே நின்றுவிட்டது. பள்ளிவாசலில் குனியும்வரை ஒன்றுமில்லை. குனிந்தேன். நடுப்பொத்தான் புறப்பட்டு மூன்று வரிசை தாண்டிப் போய், ஷெர்வானியை அந்த நாளில் தைத்துக் கொடுத்த காதர் மாஸ்டர் முதுகிலேயே விழுந்தது. தொழுகை முடிந்ததும் எடுத்துப் பார்த்துவிட்டு, “நூல் அறலை பாய், துணிதான் பிஞ்சிருக்கு” என்றார். தன் வேலையில் குற்றமில்லை என்பதில் அவருக்குப் பரம திருப்தி.

பகலில் ஆபா வந்தாள். வந்தார்கள் என்பதா, வந்தது என்பதா, தெரியவில்லை. மாம்பலத்துக் கடையில் அந்த மாதம் பிரித்த பேல் நீலப் பூப்போட்டது போலிருக்கிறது. ஆபாவின் புடவை நீலப் பூ. மச்சான் சட்டை நீலப் பூ. பேரன், பேத்தி, கைக்குழந்தையின் குல்லாய், எல்லாம் நீலப் பூ. கூடத்தில் உட்கார்ந்தபோது யார் எங்கே முடிந்து யார் எங்கே தொடங்குகிறார்கள் என்று பார்த்துத்தான் பிரியாணி பரிமாற வேண்டியிருந்தது.

அன்வரி சிவப்புப் புடவையில் நின்றாள். முந்தானையை முன்னால் எடுத்துப் போட்டிருந்தாள், கறை வெளியே தெரியும்படி. ஆபாவின் கண் தலையிலிருந்து இறங்கி வந்து அங்கே நின்றது.

“அதானா அது?” என்றாள் ஆபா.

“அதான் ஆபா.”

“நான் சிரிச்சதுதானா?”

“நீங்களேதான்.”

ஆபா கிட்டே வந்து, விரலால் அதன் ஓரத்தைச் சுற்றி வரைந்து பார்த்தாள். “பெரிசாத்தான் சிரிச்சிருக்கேன்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அன்வரி, எங்க தெருவுல ஜன்னலுக்கு ஜன்னல் என் புடவைதான் திரையாத் தொங்கிக்கினு இருக்குது. எனக்கு ஒண்ணு எடுத்துக் குடேன். இப்பவே மாத்திக்கறேன்.”

சாவி இப்போதெல்லாம் அன்வரி இடுப்பில் இருப்பதில்லை. பீரோக் கதவிலேயே தொங்குகிறது. போய்த் திறந்தாள். வரிசையைத் தடவிப் பார்த்து அந்த மயில் கழுத்தை எடுத்து வந்தாள். ஆபா கை நீட்டினாள். அன்வரி ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

“தர்றேன் ஆபா. மொதல்ல வாயில இருக்கறதைத் துப்பிட்டு வாங்க.”