வடக்குப் படிக்கட்டு

எட்டு நிமிஷம். மைதானம் நிறைஞ்சிருந்தாலும் எட்டே நிமிஷத்துல காலியாகணும். உலகக் கால்பந்துப் போட்டி நடத்துறதுன்னா சும்மாவா? புல்லு, விளக்கு, கழிப்பறை, கேமரா மேடை எல்லாத்துலயும் பாஸாகிட்டோம். மிச்சம் இது ஒண்ணுதான். இதுல கோட்டை விட்டா மேட்ச் வேற ஊருக்குப் போயிடும். வாசல், படிக்கட்டுக்கெல்லாம் மேற்பார்வை நான்தான். என் வேலையும் கூடவே போகும்.

சோதனைக்கு வடக்கு கேலரியை மட்டும் நிரப்பினா போதும்னாங்க. மூவாயிரம் பேருக்கு எங்கே போறது? மைதானத்தைக் கட்டின ஆளுங்களையே உட்கார வைக்கலாம்னு சொன்ன மகா புத்திசாலி நான்தான்.

சைரன் ஊதிச்சு. பாவிங்க! பக்கத்துலயே வடக்குப் படிக்கட்டு அகலமா வாயைப் பிளந்துட்டு நிக்குது, ஒருத்தன்கூட அதுல கால் வைக்கல. அத்தனை பேரும் சுத்திக்கிட்டு மேற்கு வாசலுக்கு ஓடினாங்க. பதினாலு நிமிஷம்!

சோதிக்க வந்த அதிகாரி அம்மா முகம் கடுகடுன்னு ஆச்சு. "அரை மணி நேரத்துல இன்னொரு தடவை. அதுதான் கடைசி"ன்னாங்க.

எங்க என்ஜினியர் என்னைப் பார்த்துப் பல்லைக் கடிச்சார். "மேற்குப் பக்கம் தடுப்பு வச்சு அடைச்சிடுய்யா. வேற வழியில்லாம வடக்கால இறங்குவானுங்க."

எனக்கு இருப்புக்கொள்ளல. கொத்தனார் வேலை பார்க்கிற என் மச்சினனைக் கூட்டத்துல தேடிப் பிடிச்சேன்.

"ஏன்டா மானத்தை வாங்குறீங்க? படிக்கட்டு கண்ணுக்குத் தெரியலையா?"

அவன் சுத்துமுத்தும் பார்த்தான். "அது நாங்க போட்ட படி மாமா. அன்னிக்குக் கம்பி வந்து சேரல, பாதிக் கம்பியோட கான்கிரீட் போடச் சொல்லிட்டாங்க. மூட்டை தூக்குறப்பகூட நாங்க அதுல இறங்குறதில்ல, சுத்தித்தான் போவோம்."

"இதை ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"கம்பியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதே நீங்கதானே மாமா? தெரிஞ்சுதான் போட்டீங்கன்னு நினைச்சோம்."

பார்த்தேனாம்! அன்னிக்கு வெயில் மண்டையைப் பிளந்துச்சு. ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உட்கார்ந்துக்கிட்டே போட்ட கையெழுத்து அது. என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

அதுக்குள்ள தடுப்பு வச்சாச்சு. சைரன்காரர் பொத்தான் மேல கை வச்சிட்டார். மூவாயிரம் பேரும் எழுந்து நின்னு என்னையே பார்க்கிறாங்க. ஓடிப்போய் அதிகாரி அம்மா முன்னாடி மூச்சிரைக்க நின்னேன்.

"ஊத வேண்டாம்மா. வடக்குப் படிக்குக் கம்பி பத்தாது. இத்தனை பேரைத் தாங்காது."

என்ஜினியர் அசடு வழிஞ்சார். "அவனுக்கு வெயில்ல ஏதோ..."

"இதுக்கு ஒப்புதல் கொடுத்தது யாரு?"ன்னாங்க அந்த அம்மா.

"நான்தாம்மா. பார்க்காமலே போட்டேன்."

மேட்ச் போச்சு. அன்னிக்கே என் சீட்டும் கிழிஞ்சுது. மச்சினன் மட்டும் கூடவே நடந்து வந்தான்.

"அக்காகிட்ட நான் சொல்லட்டுமா மாமா?"

"வேணாம்டா. இதையாவது நான் நேர்ல போய்ப் பண்றேன்."