முன்னறை வைத்தியம்

போர்டைக் கழற்ற மாமியாரே ஸ்டூல் மேல் ஏறியிருந்தார். இடுப்பு வலி என்று நாலு வருடமாக மாடிப்படிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர், இன்று ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உயரத்தில் நின்றார். கீழே ஸ்டூலைப் பிடித்திருந்த மகன் அம்மாவையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. ஸ்டூலின் காலையே அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தை, அது என் போர்டு" என்றாள் மருமகள்.

"உன்னுதுதாம்மா. யாரு இல்லைன்னா? சாயங்காலம் உன் நாத்தனாரைப் பொண்ணு பார்க்க வர்றவங்க வந்துட்டுப் போகட்டும். நிச்சயமாயிட்டா கல்யாணம் முடியற வரைக்கும் கழட்டியே வச்சிரு, வகுப்பையும் மூடிரு. மிஞ்சிப் போனா ஆறு மாசம்."

"ஆறு மாசமா? காலையில சொல்லும்போது ஒரு நாள்னீங்க."

"காலையில அவ்வளவுதான் தோணுச்சு. ஒன்பது வருஷமா பல்லைக் கடிச்சிட்டுப் பொறுத்துக்கிட்டு இருக்கேன். ஒரு வார்த்தை பேசியிருக்கேனா?"

பேசியிருக்கிறார். ஒரு வார்த்தை அல்ல, தினமும் ஒரு அத்தியாயம். பக்கத்து வீட்டில் கேட்டால் மருமகள் 'குழந்தைகளுக்கு ஏதோ சொல்லித் தருகிறாள்' என்பார். உறவில் கேட்டால் 'சும்மா பொழுதுபோக்கு' என்பார். மருமகள் வகுப்பு நடத்தும் முன்னறைப் பக்கம் இருக்கும் ஜன்னலை, வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து திறந்ததில்லை. அந்த அறைக்கு அவள் தரும் வாடகையை வாங்கும்போது மட்டும் கை கூசாது.

போர்டில் அப்படி ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை. 'நடன வகுப்பு. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு. காலை ஆறு மணி' என்று எழுதியிருந்தது.

அந்த மூன்று வரிக்குப் பின்னால் இருந்த பாடு வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை. முதல் மூன்று வருடம் அவள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் ஆடினாள். கடை திறப்பு விழாவில், சிறப்பு விருந்தினர் வந்து சேரும்வரை கூட்டம் கலையாமலிருக்க ஆடினாள். அவர் வந்ததும் பாதியில் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினாள். 'உங்களுக்கு ஒரு மேடை கிடைக்குதே, அதுவே பெரிசில்லையா' என்று சம்பளம் கேட்டபோது சொன்னவர்கள், மைக் செட்காரரிடம் அப்படிச் சொன்னதில்லை. நாலாவது வருடம் கணுக்கால் பிசகி இரண்டு மாதம் படுத்தாள். மேடை மட்டும்தான் பிழைப்பு என்றால் ஒரு கணுக்கால் போதும், குடும்பமே நொண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு காலையில் பெண்களுக்கு வகுப்பு, வாரம் இரண்டு நாள் ஒரு பள்ளிக்கூடம், பருவத்தில் மேடை, வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். எவ்வளவு நேரம் ஆடுவேன், தரை எப்படி இருக்க வேண்டும், முன்பணம் என்ன என்று ஒரே பக்கத்தில் எழுதிவைத்தாள். கையெழுத்துப் போடாதவர்களுக்கு ஆடுவதில்லை. ஆடக் கற்றுக்கொண்டதைவிட, 'முடியாது' என்று சொல்லக் கற்றுக்கொள்ளத்தான் அவளுக்கு அதிக நாள் ஆனது.

அந்தக் காலை வகுப்புதான் மற்ற எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்திருந்தது. ஆறு மாதம் மூடினால் வருகிற இருபத்திரண்டு பேரும் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். அவள் மறுபடியும் கடை திறப்பு விழாவிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் வருகிற சம்பந்தம் அந்த முன்னறையின் புண்ணியத்தில் வந்தது. போன வாரம் தரகர் வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னார்: "பையனோட அம்மா முட்டிவலிக்கு உங்க மருமககிட்டதான் வைத்தியம் பார்க்கறாங்களாம். உங்க பொண்ணை அங்கதான் பார்த்தாங்களாம். பார்த்ததும் பிடிச்சிருச்சாம்."

மாமியார் அரை நொடி விழித்தார். அடுத்த அரை நொடியில் சுதாரித்துக்கொண்டார். "ஆமா ஆமா, கைராசிக்காரி!"

தரகர் ஏதோ வீடு மாறி வந்துவிட்டார் என்றுதான் மருமகள் நினைத்தாள். மாமியாருக்கோ கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. ஒன்பது வருடமாக எந்தப் பொய்யைச் சொல்லலாம் என்று தவித்தவருக்கு, பொய்யே வீடு தேடி வந்தால் சும்மா இருப்பாரா?

மத்தியானத்துக்குள் முன்னறை வைத்தியசாலை ஆகிவிட்டது. சுவர் நிறைந்த கண்ணாடிகளைப் போர்வைகள் மூடின. நடுவே ஒரு கட்டில் வந்தது. மருந்துக்கடையிலிருந்து இரவல் வாங்கிய கால் எலும்புப் படம் ஆணியில் தொங்கியது. புருஷன் தன் பங்குக்கு ஒரு வெள்ளைக் கோட்டு வாங்கி வந்தான். அவளைப் போல இன்னொருத்தியும் உள்ளே நுழையலாம், அவ்வளவு பெரிசு.

"போட்டுத்தான் பாரேன். உனக்கு எடுப்பா இருக்கும்" என்றான்.

"அதை நீங்க போட்டுக்கங்க. முதுகெலும்பு இல்லாதவங்களுக்கு நல்லா இருக்கும்."

கோட்டு கட்டில் முனையிலேயே கிடந்தது.

சாயங்காலம் வந்தார்கள். பையன் வெளியூரில் வேலை. படத்தைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டானாம். பையனின் அப்பா பெரிய ஆபீசில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆபீசிலிருந்துதான், அதிகாரத்திலிருந்து அல்ல. உட்காரும்போதே நாற்காலியை இரண்டு அங்குலம் நகர்த்தி, அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்பது போல எல்லாரையும் பார்த்தார். அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி அவர் மனைவி வந்தார்.

மருமகள் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். அது முன்வரிசை அம்மா.

காலை வகுப்பில் அவருக்கு அதுதான் பேர். மூன்று வருடமாக ஒரு நாள் தவறாமல் ஆறுக்குப் பத்து நிமிடம் முன்பே வந்து, முன்வரிசையில் நடு இடத்தைப் பிடித்துக்கொள்பவர். 'இன்னொரு தடவை டீச்சர், இன்னொரு தடவை' என்று ஆடி ஆடி மற்ற பெண்களின் சாபத்தைச் சம்பாதித்தவர். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறார் என்று மருமகள் கேட்டதில்லை. இப்போது கேட்கத் தேவையில்லை. அம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். காட்டிக்கொடுத்துவிடாதே என்று கண் கெஞ்சியது.

காலையில் வகுப்புக்குப் பாட்டுப் போடுவது நாத்தனார்தான். தேநீர்த் தட்டோடு வந்த அவளும் அம்மாளைப் பார்த்தாள். அடையாளம் தெரியாதவள் போலக் கோப்பையை நீட்டினாள்.

"நீங்கதானா அந்த வைத்தியர்?" என்றார் மேலாளர். "என் சம்சாரம் முட்டியைப் பிடிச்சிட்டு உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டா. இப்ப படியில குதிச்சுக் குதிச்சு இறங்கறா. நல்ல கைம்மா உங்க கை!"

"கை இல்லீங்க, கால்" என்று நாத்தனார் முணுமுணுத்தாள். மாமியார் அவளைக் கிள்ளினார்.

"நான் பொதுவா ஒண்ணு சொல்லிடறேன்" என்று மேலாளர் தேநீரை ஆற்றினார். "போன தடவை ஒரு இடம் வந்துச்சு. நல்ல வசதி. விசாரிச்சா, பொண்ணோட அக்கா மேடையில ஆடறவளாம், அதுவும் காசு வாங்கிக்கிட்டு! வாசப்படி ஏற மாட்டேன்னுட்டேன். ஆட்டக்காரி இருக்கிற வீட்டுல சம்பந்தம் வச்சுக்கிட்டா நாளைக்கு வெளியில எப்படி முகத்தைக் காட்டறது?"

"அதானே!" என்றார் மாமியார், மருமகள் பக்கம் திரும்பாமலே.

"வைத்தியம்னா அது சேவை. எவ்வளவு வாங்கினாலும் சேவைதான்."

வைத்தியசாலையைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினார்கள். எலும்புப் படத்தை மெச்சினார், கட்டிலைத் தட்டிப் பார்த்தார், யாரும் சொல்வதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நீட்டிப் படுத்துவிட்டார்.

"எனக்கு இந்த இடுப்புதாம்மா. பதினஞ்சு வருஷம் நாற்காலியில உட்கார்ந்த இடுப்பு. ஏதாவது உண்டா?"

"ஏன் இல்லாம?" என்றார் மாமியார். "பாரும்மா."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. இதே அறை, இதே உடம்பு, இதே கட்டணம். கட்டில் போட்டால் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். கட்டிலை எடுத்தால் வாசப்படி ஏற மாட்டார்களாம்.

"எழுந்து நில்லுங்க" என்றாள்.

நின்றார்.

"பாதம் ரெண்டையும் வெளிப்பக்கமாத் திருப்புங்க. முட்டியை மடக்கிப் பாதி உட்காருங்க. முதுகு வளையக் கூடாது. கை ரெண்டும் இடுப்புல. இப்ப வலது காலைத் தூக்கித் தரையில தட்டுங்க. அடுத்தது இடது. ஒண்ணு, ரெண்டு..."

பெரிய ஆபீஸ் மேலாளர் தட்டினார். முதலில் பூனை மாதிரி தட்டினார். பிறகு கோப்பில் முத்திரை குத்துகிற வேகம் வந்துவிட்டது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டிருந்த கையை எடுத்துத் தாளம் போட ஆரம்பித்தாள்.

"இடது காலுங்க! இடது!" என்றார் முன்வரிசை அம்மாள், பொறுக்க முடியாமல். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஐந்து நிமிடத்தில் மேலாளருக்கு வேர்த்து ஊற்றியது. முகம் மலர்ந்திருந்தது. "அட, பிடிச்சிட்டு இருந்தது விட்ட மாதிரி இருக்கே! இந்த வைத்தியத்துக்கு என்னம்மா பேரு?"

"அது ஏதோ இங்கிலீஷ் பேருங்க" என்றான் புருஷன், வாழ்க்கையில் முதல் முறையாக முந்திக்கொண்டு.

அம்மாள் 'வேண்டாம்' என்பது போலத் தலையை லேசாக ஆட்டினார். மருமகள் தயங்கினாள். அந்தத் தலையாட்டலுக்காகவே பொய் சொல்லிவிடலாம் போல் இருந்தது. ஆனால் இன்றைக்குச் சொன்னால் நாளைக்கும் சொல்ல வேண்டும், ஆறு மாதமும் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு சொல்வதற்கு உண்மையே மிச்சம் இருக்காது. அவள் நேராகச் சுவரிடம் போய்ப் போர்வையை இழுத்துவிட்டாள். கண்ணாடி முழுக்க மேலாளர் நின்றார், பாதி உட்கார்ந்தபடி, இரண்டு கையும் இடுப்பில்.

"நடனம்" என்றாள். "முதல் பாடம். நான் வைத்தியர் இல்லீங்க. ஆடறவ. காசு வாங்கிட்டு ஆடறவ."

மேலாளர் கையை இடுப்பிலிருந்து எடுக்கவே மறந்துவிட்டார். மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்ப நீ?"

"எனக்கு என்னங்க தெரியும்?" என்றார் முன்வரிசை அம்மாள். குரல் கீழே போய்விட்டது. "அவங்க செய்யச் சொன்னதைச் செஞ்சேன். டாக்டர்னுதான் நெனச்சேன்."

மருமகளுக்குச் சுருக்கென்றது. மூன்று வருடம் முன்வரிசை! கோபம் வரவில்லை. அவளே எத்தனை வீட்டில் 'சும்மா பொழுதுபோக்கு' என்று மாமியார் சொல்லக் கேட்டு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மேலாளர் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார். நிர்வாகம் செய்து பழகிய மூளை சும்மா இருக்காது. மனைவி டாக்டர் என்றே நம்பிப் போய்வந்தாள் என்றால் தன் மேல் பழி இல்லை. பெண் நல்ல பெண், பையனுக்கும் பிடித்துவிட்டது. இடுப்பு வேறு இப்படிச் சுகமாக இருக்கிறது.

"ஒண்ணும் குடி முழுகிடலை" என்றார். "'மூட்டு நல மையம்'னு ஒரு போர்டு வச்சிருவோம். என் செலவுலயே செஞ்சு தர்றேன். உள்ளே நீங்க என்ன வேணா சொல்லிக் குடுங்க, யாரு வந்து பார்க்கப் போறா? எங்க ஆபீஸ்ல இருந்து நாலு பேரை நானே அனுப்பறேன். கட்டணத்தையும் ஏத்திக்கலாம். வைத்தியத்துக்கு யாரும் பேரம் பேச மாட்டாங்க. ஆனா ஒண்ணு, மேடை ஏறக் கூடாது."

மாமியாரின் கண்ணில் நீரே வந்துவிட்டது. "பேருதானேம்மா! மாத்திக்கிட்டா என்ன குறைஞ்சிடப் போற?"

"நல்ல யோசனைதான்" என்றான் புருஷன், எலும்புப் படத்தைப் பார்த்து.

நிஜமாகவே நல்ல யோசனைதான். ஒன்பது வருடத்தில் இதைவிட நல்ல பேச்சு அவளுக்கு வந்ததில்லை. பேரம் கிடையாது, 'மேடை கிடைக்குதே' கிடையாது, ஊர் வாய் கிடையாது. செய்கிற வேலையை இல்லை என்று சொன்னால் போதும், அந்த வேலையை வைத்து நன்றாக வாழலாம்.

"முட்டிக்கு வைத்தியம் பார்க்கப் படிச்சவங்க இருக்காங்க" என்றாள். "அவங்க படிச்ச படிப்பை நான் படிச்சதாச் சொன்னா அது திருட்டு. நான் படிச்சதை நானே இல்லைன்னு சொன்னா அதுவும் திருட்டுதான். மேடையும் ஏறுவேன். வகுப்பும் நடக்கும்."

மூலையில் முகம் திருப்பிச் சாத்தியிருந்த போர்டை எடுத்தாள். அப்போதுதான் நாத்தனாரின் நினைவு வந்து நின்றாள். இவளுடைய கல்யாணம் ஆயிற்றே.

"எனக்குத் தோணினதை நான் செஞ்சிட்டேன். உன்னைக் கேட்கவே இல்லை" என்றாள் அவளிடம்.

நாத்தனார் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஏற்கெனவே வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். "ஏறுங்க அண்ணி. நான் பிடிச்சுக்கறேன். பேரை மாத்திக்கிட்டு உள்ளே போனா, அங்க தினமும் எதையாவது மாத்தச் சொல்லுவாங்க."

"அடிப்பாவி!" என்று மாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை நிஜமாகவே வலித்திருக்க வேண்டும்.

மருமகள் ஏறி இரண்டு ஸ்க்ரூவையும் முறுக்கினாள். மேலாளர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, போர்டை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கிளம்பு" என்றார் மனைவியிடம். "முட்டிக்கு வேற நல்ல டாக்டராப் பார்க்கலாம்."

அம்மாள் இரண்டு படி இறங்கினார். நின்றார். தலை நிமிர்ந்தது, தினமும் காலையில் முன்வரிசையில் நிமிர்வது போல.

"எனக்கு முட்டி வலிச்சதே இல்லீங்க" என்றார்.